கட்டட வேலையும் எழுத்து ஒப்பந்தமும்

சென்ற திங்களில் ஒரு நாள் இரவு, உணவு முடிந்தபின், விடுதியில் என் பக்கத்து அறை நண்பர் கையில் தொலைபேசியோடு வந்து நின்றார். ஊரில் அவருடைய பெற்றோர் வீட்டின் பின்கட்டை இடித்துச் சமையலறையைப் பெரிதாக்கிக் கொண்டிருக்கின்றனர். சுவர் எழும்பிவிட்டது, கூரை போடவில்லை, கொத்தனாரைப் பத்து நாட்களாகக் காணவில்லை. "நீதான் சட்டம் படிக்கிறாயே, அப்பாவுக்கு என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார். "என்ன எழுதிக்கொண்டார்கள்?" என்றேன். நண்பர் சிரித்துவிட்டார். "கொத்தனாரிடம் போய் யாரப்பா எழுதி வாங்குவார்கள்?" என்றார்.

அவர் சிரித்ததில் தவறில்லை. ஆறாண்டுகளுக்கு முன்னர் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் காரணத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். தில்லிக்குப் படிக்க வந்திருக்கும் நம்மில் பலருக்கு ஊரில் ஒரு பழைய வீடு இருக்கிறது. அதற்கு மாடி எழுப்பவோ, குளியலறை சேர்க்கவோ, ஒழுகும் தளத்தைச் செப்பனிடவோ வேண்டிய காலம் வரும்போது, "படித்த பிள்ளை, நீ சொல்" என்று நம்மைத்தான் கேட்பார்கள்.

எங்கள் வீடு தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ளது. 2018 ஆம் ஆண்டு வைகாசியில், மாடியில் ஓர் அறையும் அதையொட்டிக் குளியலறையும் கட்ட என் தந்தையார் முடிவு செய்தார். வேலைக்கு வந்த மேஸ்திரி புதியவர் அல்லர். எங்கள் பாட்டனார் கட்டிய கீழ்வீட்டைக் கட்டியவர் அவருடைய தந்தையார். நல்ல நாள் பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். பொருளும் கூலியும் சேர்த்து ரூ. 3,60,000 என்று முடிவாயிற்று. வெற்றிலை பாக்கோடு ரூ. 50,000 முன்பணம் கைமாறியது. பேச்சு கால் மணி நேரங்கூட நீடிக்கவில்லை. அந்த விரைவை நாங்கள் அன்று நட்பின் அடையாளமாக எண்ணினோம்.

வேலை நன்றாகவே நடந்தது. மேஸ்திரி கைத்திறன் மிக்கவர். தூக்குக்குண்டும் ரசமட்டமும் இல்லாமல் ஒரு வரிசைக் கல் வைக்கமாட்டார். சுவர் எழுந்து தளமும் போட்டாயிற்று. ஆவணியில் என் தாயார் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "இங்கே ஒரு பரணும், அந்தச் சுவரில் இரண்டு அலமாரித் தட்டும் இருந்தால் நன்றாயிருக்கும்" என்றார். மேஸ்திரி, "சரிங்கம்மா" என்றார். மாடிப்படிக்குக் கைப்பிடி இரும்பில் வேண்டுமென்று தந்தையார் சொன்னார். அதற்கும், "சரிங்கய்யா" என்றார்.

அந்தச் 'சரி'தான் பின்னர் எங்களைப் பிரித்தது.

ஐப்பசி பிறந்தபோது தந்தையார் ரூ. 2,90,000 கொடுத்திருந்தார். குளியலறைக்கு டைல்ஸ் பதிக்க வேண்டிய வேளை. "டைல்ஸ் எப்போது வருகிறது?" என்று தந்தையார் கேட்டார். "நீங்க வாங்கிக் கொடுத்தா மறுநாளே பதிச்சுடலாம்" என்றார் மேஸ்திரி. தந்தையாருக்கு அதிர்ச்சி. பொருளும் கூலியும் என்றால் டைல்ஸும் அதில் அடக்கம் என்பது அவர் எண்ணம். செங்கல், மணல், சிமெண்டு, கம்பி இவைதாம் பொருள். டைல்ஸ், குழாய், கதவு போன்றவை வீட்டுக்காரர் விருப்பப்படி தேர்ந்து வாங்குவன என்பது மேஸ்திரியின் எண்ணம். பேச்சு தடித்தபோது மேஸ்திரி தம் சட்டைப் பையிலிருந்து சிறிய நாட்குறிப்பை எடுத்தார். பரண், அலமாரித் தட்டு, இரும்புக் கைப்பிடி என்று அதில் ரூ. 38,000 கூடுதலாக எழுதியிருந்தது. "கேட்டபோதெல்லாம் சரி என்றுதானே சொன்னீர்கள்!" என்றார் தந்தையார். "ஆமாங்கய்யா, செஞ்சு தர்றேன்னு சரின்னேன். சும்மா செஞ்சு தர்றேன்னா சொன்னேன்?" என்றார் மேஸ்திரி. அவர் சொன்னதும் உண்மை. தந்தையாரிடமும் ஒரு நாட்குறிப்பு இருந்தது. அதில் கொடுத்த பணம் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. வேலை ஒன்றும் எழுதப்படவில்லை.

மறுநாள் ஆட்கள் வரவில்லை. சாரம் கட்டியபடியே நின்றது. மாடித் தளத்தின்மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கும் வேலை கடைசியில் செய்வதாக இருந்தது, அது செய்யப்படவில்லை. நவம்பர் 16 ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் வந்தது. அந்தப் புயல் எங்கள் மாவட்டத்துத் தென்னைகளுக்கு என்ன செய்தது என்பதை இங்கு எழுதப் புகுந்தால் கட்டுரை முடியாது. எங்கள் வீட்டில் சாரம் சரிந்தது; மூடாத தளத்தில் தேங்கிய நீர் புதிய அறையின் கூரை வழியே கசிந்தது. பிறகு சில மாதங்களுக்கு ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. 2019 இல் வேறு ஆட்களைக் கொண்டு ரூ. 95,000 செலவில் வேலையை முடித்தோம். ஆக, ரூ. 3,60,000 என்று பேசியது ரூ. 3,85,000 ஆயிற்று. மேஸ்திரிக்கோ செய்த கூடுதல் வேலைக்குக் காசு வரவில்லை. இவற்றைவிடப் பெரிய இழப்பு, இரு குடும்பமும் கோயில் திருவிழாவில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

2023 இல் இங்குச் சட்ட வகுப்பில் சேர்ந்தேன். முதலில் பயின்ற பாடங்களில் ஒன்று 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதைப் படிக்கும்போது எனக்கு ஏற்பட்ட வியப்பு, எங்கள் திண்ணைப் பேச்சும் முழு ஒப்பந்தமே என்பதுதான். ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையோர் மனமொப்பி, சட்டத்துக்கு ஏற்ற நோக்கத்தோடு, கைம்மாறு பேசிச் செய்துகொள்வது ஒப்பந்தமாகும் என்கிறது 10 ஆம் பிரிவு. வேறொரு சட்டம் கேட்டாலன்றி எழுத்து வேண்டுவதில்லை. எழுதாததனால் செல்லாது என்று ஊரில் சொல்வது தவறு. கூடுதல் வேலைக்கு விலை பேசாவிட்டாலும் மேஸ்திரிக்கு 70 ஆம் பிரிவு துணை நிற்கக்கூடும்: இலவசமாகச் செய்யும் கருத்தின்றி ஒருவர் செய்ததன் பயனை மற்றவர் துய்த்தால், அவர் ஈடு செய்ய வேண்டும். வேலை முடிய நாள் குறிக்காவிட்டாலும் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 46 ஆம் பிரிவு கூறும்.

அப்படியாயின் சட்டம் எங்கள் பக்கமும் இருந்தது. அவர் பக்கமும் இருந்தது. இல்லாதது மெய்ப்பிக்கும் வழி ஒன்றே. நியாயமான காலம் எது? எந்தப் பொருள் விலையில் அடக்கம்? திண்ணையில் இருந்தவர்கள் இருவர். சாட்சி சொல்ல என் பாட்டியார் மட்டும் உண்டு. அவருக்கு அப்போதே காது கேளாது.

அதே சட்டத்தின் 29 ஆம் பிரிவு, பொருள் தெளிவில்லாத உடன்படிக்கை செல்லாது என்கிறது. அதற்குச் சட்டமே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது: ஒருவர் மற்றொருவருக்கு நூறு டன் எண்ணெய் விற்க ஒப்புக்கொள்கிறார், என்ன எண்ணெய் என்பதை அறிய எந்தக் குறிப்பும் இல்லை, ஆகவே அது செல்லாது. வகுப்பில் இதைக் கேட்டு எல்லோரும் நகைத்தனர். எண்ணெயின் பெயரைச் சொல்லாமலா வியாபாரம் பேசுவார்கள்? நான் நகைக்கவில்லை. "நல்ல டைல்ஸாப் போட்டுடலாம்" என்று எங்கள் திண்ணையில் சொன்ன குரல் எனக்குக் கேட்டது.

2024 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஊர் சென்றபோது, மாடிக் குளியலறையில் நீர் ஊறிக் கீழ்ச்சுவர் பாசி பிடித்திருந்தது. தரையைப் பெயர்த்து மீண்டும் போட வேண்டும். யாரை அழைப்பது என்ற பேச்சு எழுந்தபோது, "பழைய மேஸ்திரியையே அழைப்போம், ஆனால் எழுதிக்கொள்வோம்" என்றேன். தந்தையார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "நீயே போய்க் கேள்" என்றார்.

மேஸ்திரியின் முதற்கேள்வி எதிர்பார்த்ததுதான். "எம்மேல நம்பிக்கை இல்லையா தம்பி?" என்றார். "நம்பிக்கை இருப்பதால்தான் வந்திருக்கிறேன். போன தடவை என் அப்பா மனத்தில் ஒரு வீடு இருந்தது, உங்கள் மனத்தில் ஒரு வீடு இருந்தது. இந்தத் தடவை ஒரே வீடாக இருக்கட்டும்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த முப்பத்தெட்டாயிரத்தையும் எழுதுவியா?" என்றார். அதைத் தந்தையாரிடம் பேசி, ரூ. 20,000 என்று இருவரும் ஒப்புக்கொண்டு, முதலில் அதைத் தீர்த்தோம். பழைய கணக்கைத் தீர்க்காமல் புதிய தாளில் ஒரு வரியும் எழுத முடிந்திராது.

அதே திண்ணையில் மூவரும் உட்கார்ந்தோம். இம்முறை கால் மணி நேரம் போதவில்லை. ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டம் எங்கும் கூறவில்லை. ஆதலால் மேஸ்திரி பேசும் தமிழிலேயே எழுதினேன். 'தரை சரிவு' என்று நான் எழுதியதை அடித்து, "வாட்டம்னு எழுதுங்க தம்பி" என்றார். எத்தனை அடிக்கு எவ்வளவு வாட்டம், நீர் எந்த மூலைக்கு ஓட வேண்டும் என்பதை அவரே சொல்லச் சொல்ல எழுதினேன். சுவரில் டைல்ஸ் எத்தனை அடி உயரம்? ஏழடி. பூச்சுக்குக் கலவை என்ன? பெயர்த்த குப்பையை அள்ளி வெளியே கொட்டுவது யார்? அதை நானும் தந்தையாரும் நினைத்தே பார்த்ததில்லை. வண்டி வாடகை ரூ. 2,000 வரும், அது யார் தலையில் என்ற பேச்சு அன்றே முடிந்தது. எழுதும் தாளின் பெரும்பயன் இதுவே என்று நான் கருதுகிறேன். வழக்கு மன்றத்துக்கு அது தேவைப்படுவது ஆயிரத்தில் ஒரு முறை இருக்கலாம். எழுத உட்காரும்போது, பேசாமல் விட்டவை தாமே வெளியே வருகின்றன. வேலை தொடங்குமுன் சண்டையிட்டால் சாரம் நடுவில் நிற்காது.

வேலை முடிந்தது என்பதை எப்படி அறிவது என்ற கேள்விக்கும் மேஸ்திரியே வழி சொன்னார். டைல்ஸ் பதிக்குமுன் நீர்போக்கியை அடைத்துத் தரையில் ஒரு நாள் முழுவதும் நீரைத் தேக்கி நிறுத்துவது. கீழ்க்கூரையில் ஈரம் தெரியாவிட்டால்தான் மேலே செல்வது. 'திருப்தியாக முடித்துத் தர வேண்டும்' என்று நான் எழுதியிருந்த வரியைவிட இது எவ்வளவோ மேல். திருப்தி ஆளுக்கு ஆள் வேறுபடும். ஈரத்தைக் கைவைத்துப் பார்த்தாலே தெரியும்.

இனிப் பணம். இதில்தான் மாணவ நண்பர்கள் கருத்தூன்ற வேண்டும். முன்பணத்தை மிகுதியாகக் கொடுக்காதே என்று வீட்டுக்காரருக்கு எல்லோரும் அறிவுரை சொல்வர். மேஸ்திரியின் நிலையை யாரும் எண்ணுவதில்லை. அவரிடம் முதல் இல்லை. சனிக்கிழமை மாலை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். நம் வீட்டுப் பணம் மாதக் கடைசியில்தான் வருமென்றால், அவர் இன்னொரு வீட்டில் முன்பணம் வாங்கி நம் வீட்டுக் கூலியைக் கொடுப்பார். பிறகு அந்த வீட்டு வேலைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? பத்து நாள் காணாமற்போகும் கொத்தனாரில் பலர் ஏமாற்றுக்காரர் அல்லர். ஒரு வீட்டு முன்பணத்தால் இன்னொரு வீட்டுச் சனிக்கிழமையைக் கடந்தவர்கள். மேஸ்திரி இதை எனக்கு விளக்கியபோது, 2018 இல் அவர் இடையிடையே வராமற்போன நாட்களின் பொருள் எங்களுக்கு விளங்கியது.

ஆகவே இப்படி எழுதினோம். பொருள் முழுவதும் எங்கள் செலவு. மேஸ்திரிக்குக் கூலி ரூ. 60,000. முன்பணம் ரூ. 10,000. பிறகு பழைய தரை பெயர்த்துக் குழாய் மாற்றியதும், நீர் தேக்கிப் பார்த்ததும், சுவர் டைல்ஸ் முடிந்ததும், தரை டைல்ஸ் முடிந்ததும் ரூ. 11,000 வீதம் நான்கு தவணை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வார வேலை, சனிக்கிழமைக்குப் பொருந்தும். எஞ்சிய ரூ. 6,000, வடகிழக்குப் பருவமழை ஒன்று கடந்து, கசிவு இல்லையென்று கண்டபின், தை மாதத்தில். இதற்கு மேஸ்திரி உடன்படமாட்டார் என அஞ்சினேன். அவர் தயங்கவில்லை. "மழை பார்த்துட்டுக் கொடுங்க. ஆனா ஒழுகலைன்னா பொங்கலுக்கு முன்னாடி கொடுத்துடணும், அதையும் எழுதுங்க" என்றார். எழுதினேன்.

கூடுதல் வேலைக்கு ஒரே வரி: யார் கேட்டாலும், விலை பேசி, வாட்ஸாப்பில் செய்தி அனுப்பி, மற்றவர் ஒப்புதல் அனுப்பிய பிறகே செய்வது. என் தாயாருக்கு இதில் சற்று வருத்தந்தான். இத்தகைய மின்னணுப் பதிவுகளை நீதிமன்றம் ஏற்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழை உடன் கொடுக்க வேண்டும்.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு ரூ. 5,000 என்று எழுத வேண்டுமென்றார் தந்தையார். பழைய காயம் பேசியது. அச்சுறுத்துவதற்காகப் பெருந்தொகை எழுதிப் பயனில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74 ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகை ஓர் எல்லை மட்டுமே. அதற்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 1963 இல் பதே சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. நாளுக்கு ரூ. 300 என்று குறைத்தோம். "டைல்ஸ் வாங்கித் தர நீங்க தாமதிச்சா?" என்று மேஸ்திரி கேட்டார். அந்த நாட்கள் கணக்கில் சேரா என்றும் எழுதினோம். எழுத்து இருபக்கமும் வெட்டும் கத்தி. அதைப் பிடிக்க மனமில்லாதவர் எழுத முன்வருதல் கூடாது.

இன்னோர் எச்சரிக்கை. ஒப்பந்தத்தை எழுதிவிட்டபின், அதில் உள்ளதற்கு மாறாக, 'வாயால் வேறு பேசினோம்' என்று சொல்வதைச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. சாட்சியச் சட்டத்தின் 94, 95 ஆம் பிரிவுகள் இதைச் சொல்கின்றன. ஆகவே அரைகுறையாக எழுதுவது எழுதாமல் விடுவதைக் காட்டிலும் கேடு தரலாம். யாரோ தட்டச்சு செய்து வைத்த படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்திடுவோர் இதை எண்ணிப் பார்ப்பார்களாக.

முத்திரைத்தாளின் மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். விற்பவரிடம் கேட்டு வாங்குக. முத்திரையில்லாத தாள் செல்லாத ஒப்பந்தமாகிவிடாது. ஆனால் உரிய தீர்வையும் தண்டமும் கட்டும்வரை அதைச் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். படி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை மற்றவரிடம் விட்டுவிடவும் வேண்டா. பெரியபுராணத்தில் சுந்தரர் கிழித்தது படியோலையை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் எடுத்து நீட்டியது மூல ஓலையை. அதிலிருந்த பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒத்துப் பார்த்த பின்னரே அவையோர் தீர்ப்புக் கூறினர். நாங்கள் இரண்டு மூலங்கள் எழுதி, இரண்டிலும் மூவர் கையெழுத்தும் அண்டை வீட்டார் இருவரின் சாட்சிக் கையெழுத்தும் பெற்றோம்.

வழக்கென்று வந்துவிட்டால், வீட்டுக்காரருக்கு ஒரு வாயில் எளிதாகத் திறக்கும். வீடு கட்டுதலும் ஒரு சேவையே என்று 1993 இல் லக்னோ வளர்ச்சிக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அது சேவையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. கொடுத்த தொகை ஐந்து இலட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. தாம் வாழும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். ஆனால் இரண்டாண்டுக்குள் செய்ய வேண்டும். மேஸ்திரிக்கோ அவ்வாயில் இல்லை. கூலி வராவிட்டால் அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே எல்லை மூன்றாண்டு. ஆக, எழுத்து வீட்டுக்காரரைவிட மேஸ்திரிக்கே மிகுதியும் தேவைப்படுகிறது. நான் இதைச் சொன்னபோது மேஸ்திரி தம் மூலத்தை மடிக்காமல் உறையில் வைத்துக்கொண்டார்.

வேலை குறித்த நாளுக்கு நான்கு நாள் தள்ளி முடிந்தது. அதில் மூன்று நாள் நாங்கள் டைல்ஸ் வாங்கத் தாமதித்தவை. ஒரு நாளுக்குரிய ரூ. 300-ஐத் தந்தையார் பிடிக்கவில்லை. அவ்வாண்டு மழையில் கசிவு இல்லை. தைப்பொங்கலுக்கு மூன்று நாள் முன்னர் மேஸ்திரி வந்து ரூ. 6,000 பெற்றுக்கொண்டு, காப்பி குடித்துவிட்டுப் போனாராம்.

சில நாள் கழித்து எனக்கே தொலைபேசியில் பேசினார். அடுத்த தெருவில் ஒருவர் வீட்டில் மாடி வேலை கிடைத்திருக்கிறது. எங்கள் தாளில் பெயரையும் தொகையையும் எடுத்துவிட்டு வெறுந்தாளாக ஒன்று அனுப்ப வேண்டும் என்றார். அனுப்பினேன். இரண்டு நாளில் மீண்டும் பேசினார்.

"தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன் தம்பி. படிச்சுப் பார்த்துட்டு, 'எம்மேல நம்பிக்கை இல்லையா மேஸ்திரி?'ன்னு கேட்கிறார். நீங்க அன்னைக்கு எனக்கு என்ன சொன்னீங்க? அதைக் கொஞ்சம் அவருக்கும் சொல்லுங்க" என்று தொலைபேசியை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார்.